கம்பெனிக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டா?

வத்திக்கான் தோட்டத்துக்குள் காசினா பியோ என்று 16ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இருக்கிறது. திருத்தந்தையின் அறிவியல் கழகம் அங்கேதான் இயங்குகிறது. 2018 ஜூன் 8, 9 தேதிகளில் அங்கே கூடியவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமல்லர். எக்ஸான்மொபில் தலைவர் டேரன் உட்ஸ் வந்திருந்தார். பிபியின் பாப் டட்லி, இத்தாலியின் எனி, நார்வேயின் ஈக்வினார் நிறுவனங்களின் தலைவர்கள், 6 லட்சம் கோடி டாலருக்கு மேல் முதலீடுகளை நிர்வகித்துவந்த பிளாக்ராக்கின் லாரி ஃபிங்க் ஆகியோரும் வந்திருந்தார்கள். கதவை அடைத்துக்கொண்டு பேசினார்கள். முடிவில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் முன் உரையாற்றினார்.

கூட்டத்தை ஏற்பாடு செய்ததில் ஒரு வணிகப் பள்ளிக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்டர் டேமின் மெண்டோசா வணிகக் கல்லூரி, வத்திக்கானின் மனித மேம்பாட்டுத் துறையோடு சேர்ந்து இதை நடத்தியது. எரிசக்தி, வணிகம், பருவநிலை மாற்றம் என்ற மூன்று சொற்களையும் சேர்த்துப் பெயர் வைத்த கருத்தரங்குகள் உலகின் பெரிய வணிகப் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கின்றன. மேடை, குழு விவாதம், இடைவேளைக் காபி, விசிட்டிங் கார்டு பரிமாற்றம் என்று எல்லாம் ஒரே அச்சு. மெண்டோசாவின் கூட்டம் அப்படிப்பட்டதுதான் என்றாலும் வந்தவர்களை அது கொண்டுபோய் நிறுத்திய இடம் வேறு.

பிரான்சிஸ் இளமையில் வேதியியல் தொழில்நுட்பம் படித்து ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 2015இல் 'லவுதாத்தோ சி' என்ற சுற்றுமடலை எழுதி, பருவநிலையை அறக் கேள்வியாகத் திருச்சபையின் முன் வைத்தவர். எண்ணெய் முதலாளிகளிடம் அவர் சீறவில்லை. நாகரிகத்துக்கு எரிசக்தி வேண்டும், ஆனால் அந்த எரிசக்தியே நாகரிகத்தை அழித்துவிடக்கூடாது என்றார். நூறு கோடிப் பேருக்கு இன்னும் மின்சாரம் இல்லை என்பதையும் நினைவூட்டினார். புதிய எண்ணெய் வயல்களைத் தேடும் வேலை நிற்காமல் நடப்பது கவலை தருவதாகச் சொன்னார். கேட்டவர்கள் தலையசைப்பதற்கு இதில் இடம் நிறைய இருந்தது.

கத்தோலிக்க மரபில் ஒருவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறார் என்றால் அவரிடம் மூன்று காரியங்களை எதிர்பார்ப்பார்கள். செய்ததற்கு உள்ளார வருந்தும் மனஸ்தாபம் முதலாவது. வாய்விட்டுச் சொல்லும் அறிக்கை அடுத்தது. மூன்றாவது, செய்த கேட்டைச் சரிக்கட்டும் பரிகாரம். இனி அப்படிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை மனஸ்தாபத்துக்குள்ளேயே அடங்கும். ஒரு மனிதருக்கு இது பொருந்துகிறது. ஆனால் கருத்தரங்கு மேடையில் ஒரு தலைமைச் செயல் அதிகாரி ஏறி நின்று எங்கள் நிறுவனம் மாறப்போகிறது என்று சொல்லும்போது, அறிக்கையிடுகிறவர் யார்? பிரதிக்கினையைச் சுமக்கப்போகிறவர் யார்?

இந்தக் கேள்விக்கு நல்ல சோதனைக்களம் பிபி. மற்ற எண்ணெய் நிறுவனங்களைவிட அது மோசம் என்பதற்காக அல்ல. மற்றவை வாயைத் திறக்காதபோது முதலில் பேசியது அதுதான், பேசிய இடமும் ஒரு வணிகப் பள்ளிதான்.

1997 மே 19. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃப்ராஸ்ட் என்ற திறந்தவெளி அரங்கு. பேசியவர் பிபியின் தலைமைச் செயல் அதிகாரி ஜான் பிரவுன். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்து, பிறகு அதே ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளியில் மேலாண்மை படித்தவர். பருவநிலை பற்றிய கியோட்டோ மாநாட்டுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. பருவநிலை மாற்றத்துக்கும் பசுங்குடில் வாயுக்களுக்கும் உள்ள தொடர்பு ஐயமின்றி நிரூபணமாகும் நாள்வரை காத்திருக்க முடியாது, ஒதுக்கித்தள்ள முடியாத அளவுக்கு அந்தச் சாத்தியம் வலுத்துவிட்டது, ஆகவே இப்போதே செயல்பட வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றின் தலைவர் இப்படிப் பகிரங்கமாகச் சொன்னது அதுவே முதல் முறை.

பிபி திருச்சபையை விட்டு வெளியேறிவிட்டது என்று அமெரிக்க எண்ணெய்த் தொழில் வட்டாரத்திலிருந்து எதிர்வினை வந்தது. கேலியாகச் சொன்னார்களோ கோபமாகச் சொன்னார்களோ, உவமை தவறிப்போகவில்லை. அங்கே ஒரு விசுவாசப் பிரமாணம் இருந்தது, அதை ஒருவர் மீறியிருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் எக்ஸானின் தலைவர் லீ ரேமண்ட் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெட்ரோலிய மாநாட்டில், பூமி 20 ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று பேசினார். வளரும் நாடுகள் எண்ணெய்க்குக் கட்டுப்பாடு விதிக்கக்கூடாது என்பதும் அந்தப் பேச்சில் இருந்தது. திருச்சபைக்குள்ளேயே இருந்தவரின் குரல் அது.

பிரவுனின் பேச்சு வெறும் பேச்சாக நிற்கவில்லை. 1998 செப்டம்பரில் ஏல் பல்கலைக்கழகத்தில் ஒரு எண்ணோடு வந்து நின்றார். பிபி தன் ஆலைகளும் கிணறுகளும் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களை 2010க்குள் 1990ஆம் ஆண்டின் அளவைவிட 10 சதவீதம் குறைக்கும் என்றார். நிறுவனத்தின் பிரிவுகளுக்குள்ளேயே உமிழ்வு உரிமைகளை வாங்கி விற்கும் ஒரு சந்தையை உருவாக்கினார்கள். 2002 மார்ச்சில் மறுபடி ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளிக்கு வந்த பிரவுன், இலக்கை எட்டு ஆண்டு முன்னதாகவே எட்டிவிட்டதாக அறிவித்தார். வீணாகக் கசிந்துகொண்டிருந்த வாயுவைப் பிடித்து விற்றதாலும் எரிபொருளைச் சிக்கனம் செய்ததாலும் செலவுக்குப் பதில் நிறுவனத்துக்குச் சுமார் 65 கோடி டாலர் மதிப்பு கூடியிருந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வலிக்காத பரிகாரம் எப்படிப்பட்ட பரிகாரம்? லாபம் தந்த தவத்தைத் தவம் என்று எந்த மரபும் ஒப்புக்கொள்வதில்லை. அதைவிடப் பெரிய விடுபடல் இன்னொன்று. கணக்கில் வந்தது நிறுவனத்தின் ஆலைகள் விட்ட புகை மட்டுமே. பிபி விற்ற பெட்ரோல் வாடிக்கையாளரின் வண்டியில் எரிந்து கிளம்பிய புகை அதைவிடப் பன்மடங்கு, அது கணக்கிலேயே வரவில்லை. ஆனாலும் 1998இன் அந்த வாக்குறுதியை இன்றைய அறிவிப்புகளோடு சேர்த்து ஏளனம் செய்வது நியாயமாகாது. எண் சொன்னார்கள், தேதி சொன்னார்கள், சொன்னபடி செய்தார்கள். எரிசக்தித் துறையின் வாக்குறுதி வரலாற்றில் அப்படிப்பட்டவை அதிகமில்லை.

2000இல் பிபி தன் பழைய கேடயச் சின்னத்தை உதறிவிட்டுப் பச்சையும் மஞ்சளுமான சூரியகாந்திச் சின்னத்துக்கு மாறியது. பெட்ரோலியத்துக்கு அப்பால் என்று விளம்பர வாசகமும் வந்தது. பிறகு நடந்தவை தெரிந்த கதை. 2005 மார்ச்சில் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அலாஸ்காவில் குழாய் அரித்து எண்ணெய் கசிந்தது. 2007இல் பிரவுன் பதவி விலகினார். 2011 இறுதியில் பிபி சூரிய மின்சாரத் தொழிலையே கைவிட்டது. பெங்களூரில் இருந்த டாட்டா பிபி சோலார் கூட்டு நிறுவனத்தில் பிபியின் பங்கை டாட்டா வாங்கிக்கொண்டது அப்போதுதான். தென்னிந்திய மொட்டை மாடிகளில் வெந்நீர்க் கலன்களின் மேல் அந்தப் பெயர் வெளிறிப்போய் இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

2020இல் இன்னொரு தலைவர், இன்னொரு பிரதிக்கினை. பெர்னார்டு லூனி 2050க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவோம் என்றார். 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்றும் சொன்னார். உற்பத்தியையே குறைப்பதாக ஒரு எண்ணெய் நிறுவனம் சொன்னது அசாதாரணம். உக்ரைன் போர் எண்ணெய் விலையை ஏற்றிவிட்டு பிபிக்கு வரலாறு காணாத லாபம் வந்த 2022 முடிந்ததும், 2023 பிப்ரவரியில் அந்த 40 சதவீதம் 25 ஆனது. செப்டம்பரில் லூனி போனார். 2025 பிப்ரவரியில் அவருக்குப் பின் வந்தவர் எண்ணெய், எரிவாயுவில் ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் முதலீடு, மாற்று எரிசக்திச் செலவில் ஆண்டுக்கு 500 கோடிக்கு மேல் வெட்டு என்று அறிவித்தார். உற்பத்திக் குறைப்பு இலக்கு மறைந்துபோனது. போட்டி நிறுவனங்களைவிடப் பங்கு விலை பின்தங்கியிருந்தது, எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கிக்கொண்டு நெருக்கியது. காரணங்களில் ரகசியம் எதுவும் இல்லை.

இதில் பொய் சொன்னவர் யார்? 1997இல் பேசியவர் தான் சொன்னதை நம்பியே பேசினார் என்று கொள்ள இடமிருக்கிறது. 2025இல் பேசியவர் தான் கொடுக்காத வாக்கை மீறவில்லை. நடுவில் இருந்த எல்லாரும் அவரவர் காலத்தில் அவரவர் கடமை என்று கருதியதைச் செய்தார்கள். வாக்கு மட்டும் முறிந்தது, முறித்த கையைக் காணோம்.

மில்டன் ஃபிரீட்மனைக் கேட்டால், கை இருந்தால்தானே காண்பதற்கு என்பார். 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரை பல வணிகப் பள்ளிகளில் இன்றுவரை பாடம். பொறுப்பு என்பது மனிதர்களுக்கு மட்டுமே உரியது, நிறுவனம் செயற்கை நபர், அதற்குச் செயற்கைப் பொறுப்புகள் இருக்கலாம், அவ்வளவுதான் என்பது அவர் வாதம். நிர்வாகி பங்குதாரர்களின் வேலையாள். சட்டத்துக்கும் அடிப்படை நியதிகளுக்கும் உட்பட்டு அவர்களுக்குப் பணம் சம்பாதித்துக் கொடுப்பது அவர் வேலை. அவர்கள் பணத்தில் சமூக நலம் செய்யப் புறப்பட்டால், யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவர் வரி விதித்து வரிப்பணத்தைச் செலவழிப்பதற்கு அது சமம். ஃபிரீட்மனை வில்லனாகக் காட்டுவது எளிது. ஆனால் இந்தக் கடைசி வாதத்தின் கூர்மையை அவருடைய எதிரிகள் பலர் இன்னும் சந்திக்கவில்லை.

சந்திக்க முயன்றவர்களில் ஒருவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் பீட்டர் ஃபிரெஞ்ச். 1979இல் வெளியான கட்டுரையில், நிறுவனத்துக்கு உள்ளே முடிவெடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு, யார் யாரிடம் ஒப்புதல் பெற வேண்டும், எந்தக் கொள்கையோடு முடிவு ஒத்துப்போக வேண்டும் என்ற விதிகள் உண்டு, அந்த விதிகளின் வழியே பிறக்கும் முடிவு எந்தத் தனிமனிதரின் முடிவும் அல்ல, நிறுவனத்தின் நோக்கமே அது என்று வாதிட்டார். நோக்கம் இருப்பவரிடம் பொறுப்புக் கேட்கலாம் என்பது அவர் கட்சி.

தத்துவ அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்க, நீதிமன்றம் தன் போக்கில் முடிவு கட்டியது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் தோண்டுமேடை வெடித்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். 2012 நவம்பரில் பிபி 14 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொள்ள உடன்பட்டது. அவற்றில் 11, ஒவ்வொரு சாவுக்கும் ஒன்றாக, உயிரிழப்பை விளைவித்த குற்றங்கள். 400 கோடி டாலர் கொடுத்து அந்தக் குற்றவியல் வழக்கு தீர்ந்தது. நஷ்டஈடு, சுத்திகரிப்பு எல்லாம் சேர்ந்து நிறுவனத்தின் மொத்தச் செலவு 6,500 கோடி டாலரை எட்டியது. மேடையில் வேலை பார்த்த இரண்டு மேற்பார்வையாளர்கள் மேல் இருந்த உயிரிழப்பு வழக்குகளை 2015இல் அரசே கைவிட்டது. மனிதர் எவரும் அந்தச் சாவுகளுக்காகச் சிறை போகவில்லை, நிறுவனம் மட்டும் குற்றவாளி. கத்தோலிக்கர் கணக்கில் பார்த்தால் அறிக்கை நடந்தது, பரிகாரமும் நடந்தது. மனஸ்தாபம் உண்டா என்று நீதிபதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

உடம்பில்லாத நபர் என்ற கருத்தில் தமிழருக்கு அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. இந்தியச் சட்டத்தில் கோயில் மூர்த்தி ஒரு நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். அந்த நபர் ஒருமுறை லண்டன் வரை போய் வழக்காடியபோது எதிரே நின்றது, வேறெதுவும் அல்ல, ஒரு எண்ணெய் நிறுவனம்தான். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த விஸ்வநாதசுவாமி கோயிலுக்கு அருகே மண்ணைத் தோண்டியவர் கையில் 1976இல் ஒரு நடராசர் கிடைத்தார். கடத்தல்காரர்கள் கைமாறி லண்டன் போன அந்தச் சிலையை 1982இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து எண்ணெய் நிறுவனமான பம்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் வாங்கியது. லண்டன் போலீஸ் பறிமுதல் செய்ய, பம்பர் வழக்குத் தொடுத்தது. இந்திய அரசும் தமிழக அரசும் தக்கார் மூலமாகக் கோயிலும் உரிமை கோரின. இடிபாட்டில் எஞ்சியிருந்த சிவலிங்கமும் ஒரு தரப்பு.

கோயிலை நபராக ஏற்கும் வழக்கம் இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லை. என்றாலும் சொந்த நாட்டில் அது நபர் என்பதால் இங்கேயும் வழக்காடலாம் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலை அந்த ஆண்டே ஊர் திரும்பியது. முதல் நீதிமன்றம் சொன்ன காரணம் யோசிக்கத் தக்கது. 12ஆம் நூற்றாண்டில் நிலம் கொடுத்துக் கோயில் கட்டியவரின் பக்தி சார்ந்த நோக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அந்த நோக்கத்தின் உருவமே சிவலிங்கம் என்றார் நீதிபதி. கோபுரம் இல்லை, பூசை இல்லை, ஊரில் நினைவுகூட மங்கிவிட்டது. நோக்கம் மட்டும் நபராக எழுந்து வந்து சாட்சிக் கூண்டில் நின்றது.

அந்த நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு நபர்களுக்குமே உடம்பு கிடையாது. ஒன்று ஏறத்தாழ 800 ஆண்டுக்கு முந்தைய சங்கல்பத்தால் கட்டுண்டது. மற்றதன் வகையறாவில் ஒன்றுக்கு ஐந்து ஆண்டுக்கு முந்தைய சொல்கூட நிற்கவில்லை. ஆகவே ஃபிரீட்மன் சொன்னபடி செயற்கை நபர் என்பதில் கோளாறு இல்லை. அந்த நபருக்குள் எந்த நோக்கத்தைப் பதித்து வைத்திருக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். கோயிலின் நோக்கத்தை அறங்காவலர் குழு கூடி மாற்ற முடியாது. நிறுவனத்தின் நோக்கத்தைப் பங்கு விலை மாற்றுகிறது, காலாண்டுக்கு ஒருமுறை.

சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டும், அதனால்தான் அவை சாவா மூவாப் பேராடுகள். முதல் குறையாமல் விளைவை மட்டும் எரிப்பது என்ற ஏற்பாட்டைச் சூரியனும் சந்திரனும் உள்ளவரைக்கும் என்று எழுதிவைத்தார்கள். அவற்றில் பல விளக்குகள் அணைந்தது வேறு கதை. பத்தூர் கோயிலே இடிந்துதான் கிடந்தது. எழுதியவர்களுக்கு எதிர்காலம் தெரிந்திருக்கவில்லை, ஆனால் நூறாண்டுக்குப் பிறகு எரியும் சுடருக்கு இன்று எரியும் சுடரைவிட மதிப்புக் குறைவு என்று அவர்கள் எங்கும் கணக்குப் போடவில்லை.

வணிகப் பள்ளியில் அந்தக் கணக்கு முதல் பருவத்துப் பாடம். வருங்காலத்தில் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு என்ன என்று கண்டுபிடிக்கும் முறை. முதலீடு செய்ய 10 சதவீத ஆதாயமாவது கேட்பது தொழிலில் சகஜம். அந்த விகிதத்தில் கழித்தால், நூறு ஆண்டுக்குப் பிறகு நேரும் ஒரு கோடி ரூபாய் நஷ்டத்தின் இன்றைய மதிப்பு சுமார் 726 ரூபாய். 5 சதவீதத்தில் 76,000 ரூபாய். 1.4 சதவீதத்தில் 25 லட்சத்தை ஒட்டி வரும். கருத்தரங்கு மேல்மாடியில் நடக்கும்போது கீழ் வகுப்பறையில் கரும்பலகையில் ஏறிக்கொண்டிருப்பது இந்தக் கணக்குதான். மேடையில் பேரப்பிள்ளைகளைப் பற்றி உருகிப் பேசிவிட்டு இறங்குகிறவரின் மேசைக்கு வரும் திட்ட அறிக்கையில் அந்தப் பேரப்பிள்ளைகள் 726 ரூபாயாகச் சுருங்கியிருக்கிறார்கள்.

1.4 சதவீதம் என்ற எண் 2006இல் பிரிட்டிஷ் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் எழுதிய அறிக்கையிலிருந்து வந்தது. பின்னால் பிறப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் நலனைக் குறைத்து மதிப்பிடக்கூடாது என்பது அவர் நிலை. மனித குலமே அழிந்துபோகும் வாய்ப்புக்காக மட்டும் ஆண்டுக்கு 0.1 சதவீதம் கழித்தார். மீதி, வருங்காலத்தவர் நம்மைவிடச் செல்வராக இருப்பார்கள் என்ற கணிப்புக்காக. ஏல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் நார்ட்ஹாஸ் இதை எதிர்த்தார். சந்தையில் மனிதர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்களோ அதிலிருந்தே விகிதத்தை எடுக்க வேண்டும் என்று பல மடங்கு உயர்ந்த எண்ணை அவர் முன்வைத்தார். 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கட்சியிலும் அறம் இல்லாமல் இல்லை. மின்சாரம் இல்லாத இன்றைய ஏழையிடம், நாளைய பணக்காரருக்காக இன்று பொறுத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது?

இந்தத் தகராறுக்கு மூலவர் கேம்பிரிட்ஜின் ஃபிராங்க் ராம்சி. 26 வயதில் இறந்துபோன மேதை. நாத்திகர், பிற்காலத்தில் கேண்டர்பரி பேராயரான மைக்கேல் ராம்சிக்கு அண்ணன். பின்னால் வரும் இன்பத்தை முன்னால் வருவதைவிடக் குறைவாக எண்ணுவது அறத்துக்கு ஒவ்வாதது, கற்பனை வறட்சியால் வருவது என்று 1928இல் ஒரு பொருளாதார ஆய்வுரையில் நாத்திக அண்ணன்தான் எழுதினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பு நண்பர்கள் கூட்டத்தில் பேசியபோது, உலகம் ஒருநாள் குளிர்ந்து எல்லாம் சாகும், ஆனால் அதற்கு வெகுகாலம் இருக்கிறது, கூட்டு வட்டியில் கழித்தால் அதன் இன்றைய மதிப்பு ஒன்றுமில்லை என்று அலட்சியமாகச் சொன்னவரும் அவரே. எது அவருடைய உண்மையான கட்சி என்று அறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்தது என்பதே போதுமான விடை. ஒவ்வொரு நிர்வாகிக்குள்ளும் இரண்டும் இருக்கின்றன. நிறுவனத்தின் விதிகள் அதில் ஒன்றுக்குத்தான் சம்பளம் கொடுக்கின்றன.

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 2009இல் பட்டம் பெற்ற மாணவர்கள் சிலர், மருத்துவர்கள் எடுப்பதைப் போல மேலாளர்களுக்கும் ஓர் உறுதிமொழி எழுதினார்கள். அந்த வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் உறுதிமொழி எடுத்தவர் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது அதைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு நிற்பது ஊதிய ஒப்பந்தம் மட்டுமே.

2019 ஜூனில் எண்ணெய்த் தலைவர்கள் மறுபடி வத்திக்கானுக்கு வந்தார்கள். இந்த முறை வெறுங்கையோடு போகவில்லை. கரிம உமிழ்வுக்கு அரசுகள் விலை வைக்க வேண்டும், நிறுவனங்கள் பருவநிலை அபாயங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு அறிக்கைகளில் கையெழுத்திட்டார்கள். எக்ஸான்மொபில், பிபி, ஷெல், டோட்டல் எல்லாரும் அதில் உண்டு. பிரான்சிஸ் பருவநிலை அவசரநிலை என்ற சொல்லைப் பயன்படுத்தினார், கரிம விலையையும் ஆதரித்தார். கரிம வரவுகளை வாங்கி விற்பது புதுவிதச் சூதாட்டமாகிவிடலாம் என்று நான்கு ஆண்டு முன் தன் சுற்றுமடலில் எச்சரித்தவர் அவரேதான் என்பதைச் சிலர் அப்போது கவனித்தார்கள்.

இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒன்று நடந்தது. 2018 நவம்பரில் கரிம உமிழ்வுக்குக் கட்டணம் விதிக்கும் தீர்மானம் அங்கே மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. அதைத் தோற்கடிக்க எண்ணெய்த் தரப்பு 3 கோடி டாலருக்கு மேல் இறக்கியது. மிகப் பெரிய தொகை, சுமார் 1.3 கோடி டாலர், பிபியுடையது. கட்டணம் சரியாக வடிவமைக்கப்படவில்லை, சில பெரிய மாசுக்காரர்களுக்கு விலக்கு இருக்கிறது என்பது நிறுவனம் சொன்ன காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தீர்மானம் தோற்றது. மூன்றாண்டு கழித்து, 2021இல், அதே மாநிலச் சட்டமன்றம் உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து உரிமங்களை ஏலம் விடும் வேறொரு சட்டம் கொண்டுவந்தபோது பிபி அதை ஆதரித்தது. 2024 நவம்பரில் அந்தச் சட்டத்தை ஒழிக்க நடந்த வாக்கெடுப்பில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஒழிக்க வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அங்கே பிபியின் சுத்திகரிப்பு ஆலை உரிமம் வாங்கிப் புகை விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் தலைமையகத்தில் யார் மனம் மாறினார்கள், யார் மாறவில்லை என்பது அந்த ஏலத்துக்குத் தேவைப்படாத தகவல்.

இதைச் சொன்னால் வணிகப் பள்ளிக் கருத்தரங்குகளே வெற்று நாடகம் என்று முடிவு கட்டத் தோன்றும். அது அவசரம். 1997இல் ஸ்டான்ஃபோர்டில் ஒருவர் பேசாமல் இருந்திருந்தால், எண்ணெய்த் தொழில் முழுதும் ஒரே குரலில் மறுக்கிறது என்ற பிம்பம் இன்னும் நெடுநாள் நின்றிருக்கும். அந்த மேடைகள் ஒப்புக்கொள்ள வைக்கின்றன. ஒப்புக்கொண்டதை நிறுவனத்தின் நோக்கத்துக்குள் பதிக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை, வத்திக்கானுக்கும் இல்லை. அது ஒரு சட்டமன்றத்திடமோ நீதிமன்றத்திடமோ இருக்கிறது.

நீதிமன்றமும் எந்த அளவுக்கு என்பதில் தடுமாறுகிறது. 2021 மே மாதம் ஹேக் மாவட்ட நீதிமன்றம், ஷெல் நிறுவனம் 2030க்குள் தன் உமிழ்வை, வாடிக்கையாளர்கள் எரிப்பதையும் சேர்த்து, 2019இன் அளவிலிருந்து 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 1998இல் பிரவுனின் கணக்கில் விடுபட்டுப்போன புகை முதன்முதலாக ஒரு தீர்ப்புக்குள் வந்தது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. செய்த விதம் விநோதமானது. உமிழ்வைக் குறைக்கும் கடமை ஷெல்லுக்கு உண்டு, மனித உரிமைகளே அதற்கு அடிப்படை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு தனி நிறுவனம் இத்தனை சதவீதம்தான் குறைக்க வேண்டும் என்று சொல்ல அறிவியலில் போதிய ஒருமித்த கருத்து இல்லை என்றது. ஷெல் விற்காவிட்டால் அதே எண்ணெயை இன்னொருவர் விற்பார், அதனால் பயன் என்ன என்ற வாதத்துக்கும் இடம் கொடுத்தது. கள்ளுக்கடைக்காரர் முதல் வட்டிக்கடைக்காரர் வரை காலங்காலமாகச் சொல்லிவருவதை ஒரு நீதிமன்றம் கவலையோடு எடைபோட்டது.

கடமை இருக்கிறது, ஆனால் அளவு இல்லை என்ற இந்த இடத்தில் வழக்கை விட மனமில்லாமல் மனுதாரரான மிலியூடிஃபென்சி என்ற டச்சுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2025 பிப்ரவரியில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றத்தின் படியேறியது.